தரைக்கடியில் தட்டியது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. நடந்தது என் அண்ணிக்கு. குளியலறைப் பல்லியை வெறுங்கையால் பிடித்து வெளியே விடுகிற ஆள் அவர். பேய் என்றாலே வயிறு வலிக்கச் சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை.

அண்ணிக்கு விமானத்தில் பணிப்பெண் வேலை. விமானம் போடும் சத்தமெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிளம்பும் முன் காலடியில் நாய் குரைப்பது போல் கேட்டால் அது பம்ப். இறக்கைப் பக்கம் 'ங்ங்ங்' என்று இழுத்தால் அங்கே பலகை நகர்கிறது. எழும்பியதும் 'தடால்' என்றால் சக்கரம் உள்ளே போய்க் கதவு மூடுகிறது. பயந்த பயணிகளிடம் இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

அன்று மத்தியானம். பளிச்சென்ற வெயில். விமானம் எழும்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தொப்பைக்காரர் ஒருவர் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மேடம், கீழ யாரோ தட்டுறாங்க."

"சக்கரம் உள்ள போற சத்தம் சார். பயப்படாதீங்க."

"அது அப்பவே போயிடுச்சே. இது வேற. கேளுங்க."

டொக்... டொக்.

அண்ணியின் புன்னகை பாதியில் நின்றது. இத்தனை வருடத்தில் கேட்டிராத சத்தம்.

கீழே விழுந்த எதையோ எடுப்பது போல நடைபாதையில் மண்டியிட்டார். கம்பளத்தில் காதை வைத்தார். அதற்கு நேர் கீழேதான் சக்கரம் மடங்கிக் கிடக்கும் குழி. அதற்குள் ஒளிந்துகொண்டு ஊர் தாண்டப் பார்ப்பவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறார். மேலே போகப் போக அங்கே மூச்சுவிடக் காற்று இருக்காது. குளிரில் உடம்பு விறைத்துவிடும்.

விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

டொக்... டொக்.

மூன்று தட்டினார்.

டொக்... டொக்... டொக்.

அண்ணி எழுந்து ஓடி, விமானியிடம் பேசும் போனை எடுத்தார்.

"கேப்டன், சக்கரக் குழியில ஆள் இருக்கு. உயிரோட இருக்கு."

"நல்லா தெரியுமா?"

"நான் தட்டினா திருப்பித் தட்டுது."



"சரி. திரும்புறோம்."

விமானம் சரிந்து திரும்பியது. அண்ணி அதே இடத்துக்கு ஓடிவந்தார். மறுபடி மண்டியிட்டார். விடாமல் தட்டினார். "மேல ஒருத்தி கேட்டுக்கிட்டு இருக்கான்னு அவனுக்குத் தெரியணும் இல்லையா?" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பதில் வந்தது. மெதுவாக.

இன்னும் மெதுவாக...

டொக்...

அப்புறம் வரவில்லை.

தரையிறங்கியதும் பயணிகள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். இன்ஜினியர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரக் குழிக்குள் ஏறினார். அண்ணியும் பிடிவாதமாகக் கூடப் போனார்.

யாரும் இல்லை. துணி இல்லை. செருப்பு இல்லை. ஓரத்தில் படிந்திருந்த தூசியில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"இதுல யாரும் ஏறவே இல்ல மேடம்."

அப்போது...

டொக்... டொக்.

தலைக்கு மேலே.

ஆளில்லாத விமானத்தின் தரையிலிருந்து.

நிதானமாக... சமாதானம் சொல்வது போல...

அண்ணி தட்டிய அதே மாதிரி.

இன்ஜினியர் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் எப்படி இறங்கினார்கள் என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.

சில வாரம் கழித்து அந்த இன்ஜினியர் போன் செய்தார்.

"மேடம், அந்த விமானம் நமக்குக் கைமாறி வந்தது. முன்னாடி வேற கம்பெனி ஓட்டியிருக்கு. அப்போ அந்தக் குழியில ஒருத்தன் விறைச்சுச் செத்துக் கிடந்திருக்கான். கீழ தட்டுற சத்தம் கேக்குதுன்னு பயணிங்க சொல்லியிருக்காங்க. யாரும் காதுல வாங்கல."

அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொன்னாங்களாம். மேல இருந்து யாரோ அவனுக்குத் திருப்பித் தட்டினாங்களாம். நடைபாதையில. ஆனா அங்க ஆளே இல்லையாம்."

"எவ்வளவு நேரம்?"



"அவன் நிறுத்துற வரைக்கும்."