மைனஸில் நின்ற கடைவாய்ப்பல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் அமெரிக்கப் பல் மருத்துவமனைகளின் பில்லிங்கைப் பார்ப்பது என் வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனி சில சமயம் ஒரே பல்லுக்கு இரண்டு தடவை பணம் அனுப்பிவிடும். நோயாளியின் கணக்கு மைனஸில் போய் நிற்கும்; அதாவது கிளினிக்தான் பாக்கி. கூடுதலாக வந்தது யாருடைய பணம் என்று பார்த்து, சாஃப்ட்வேரில் ரீஃபண்ட் போட்டுக் கணக்கை நேர் செய்ய வேண்டும். பணம் வாங்குகிற பட்டனை ஓடி ஓடி அழுத்தும் டாக்டர்களுக்கு இந்த ரீஃபண்ட் பட்டன் மட்டும் கண்ணில் படாது. 'அடுத்த விசிட்டில் கழித்துக்கொள்கிறோம்' என்று எழுதுவார்கள். இறந்துபோன ஒரு பெரியவரின் கணக்குக்கும் அதே பதில்தான் வந்தது. அவர் எந்த வாயோடு வருவார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறேனே.

போன வருஷம் என் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு கிளினிக். வாயைத் திறப்பதற்கு முன்பே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு என் அலுவலக இன்ஷூரன்ஸும் அதே பல்லுக்காக ஒரு தொகையை நேராகக் கிளினிக்குக்கு அனுப்பியது. போனில் தகவல் வந்ததும் எனக்கு ஒரே குஷி. உலகத்துக்கே ரீஃபண்ட் போடுகிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம்?

வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஆமாக்கா, மைனஸ் காட்டுது. ஆனா ரீஃபண்டுன்னு ஆப்ஷனே கெடையாதுக்கா."

"இருக்கும்மா. பேமென்ட்ல போய்ப் பாரு."

"அது டாக்டர் பாஸ்வேர்டு கேக்கும்க்கா."

டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "பணம் எங்கயும் போகாதும்மா. அடுத்த விசிட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"எனக்கு மத்த பல்லெல்லாம் நல்லாயிருக்கு டாக்டர்."

"வீட்ல வேற யாரும் இல்லையா?" என்று சிரித்தார்.

அலுவலகத்தில் பக்கம் பக்கமாக விதிகளை எடுத்துப் பேசுகிற என் வாய், அந்தச் சிரிப்புக்கு முன்னால் கப்சிப்பென்று மூடிக்கொண்டது. அடுத்த முறையும் அவர் கையில்தானே இந்த வாயைத் திறந்து காட்ட வேண்டும்!

வீட்டில் இருப்பவர் என் கணவர். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. "எனக்கு இன்னாத்துக்குமே? என் பல்லு இரும்பு மாதிரி கீது," என்றார்.

"சும்மா சுத்தம் பண்ணிக்கினு வந்துடலாம். நம்ம துட்டு அங்க தூங்கிக்கினு கீதுய்யா."

துட்டு என்றதும் கிளம்பிவிட்டார். டாக்டரம்மா அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க டாக்டரம்மாவின் முகமே பிரகாசமானது. நாலு பல்லில் சொத்தை. ஒன்று வேர்வரை போய்விட்டதாம்.

வரவேற்புப் பெண் எங்கள் மைனஸை ஒரு நொடியில் கழித்தாள். அதற்கு எந்தப் பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை. கழித்த பிறகு நாங்கள்தான் பாக்கி. இரும்புப் பல்லுக்காக நான் மறுபடி கார்டைத் தேய்த்தேன்.

அயனம்பாக்கம் ஏரி வழியாகக் கொரட்டூர் வீட்டுக்கு வண்டியில் திரும்பினோம். ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு அவர் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டிக்கொண்டு, ஏரிக்காற்றை வாங்கினேன்.