எவர் சீட்டையும் நம்பாத சுவிட்ச்

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் அல்ல. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சாமான்களை லொறிகளில் ஏற்றி அனுப்பும் கந்தோர் ஒன்றில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வேலைக்கு இந்தக் குணம் நல்லது என்று கனகாலம் பெருமையாகவே இருந்தேன்.

போன வருடம், காலை பத்து மணியானால் எங்கள் தொலைபேசிகளில் பேச்சு துண்டு துண்டாக வரத் தொடங்கியது. எந்த லொறி எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று இறங்குதுறைக்குச் சொல்கிறவர், சல்லிக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண். வெயிலில் காத்து நின்ற சாரதிகள் முகாமையாளரிடம் போய், அந்தப் பெண் ஒழுங்காகக் கதைப்பதில்லை என்று முறையிட்டார்கள்.

எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். நான் பக்கத்தில் போனால் கணினித் திரையில் எதையோ மூடுவார். ஏதோ நாடகம் பார்க்கிறார், அதுதான் இணைப்பை உறிஞ்சுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் நேரே கேட்டேன்.

“என்ன பாக்கிறீங்கள்?”

“அம்மான்ரை கிளினிக் திகதி, அண்ணை. வேறை ஒண்டும் இல்லை.”

நான் நம்பவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தானே. அவருக்குச் சொல்லாமலே அவருடைய மேசைக்குப் போகும் இணைப்பின் வேகத்தைக் குறைத்தேன். தொலைபேசியும் கணினியும் அந்த ஒரே வயரில்தான். அடுத்த நாள் பேச்சு இன்னும் மோசமாக உடைந்தது. மூளையுள்ளவன் அந்த இடத்திலேயே யோசித்திருப்பான். நானோ, இவர் ஏதோ மாற்றுவழி கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். முகாமையாளரிடமும் போய் அப்படியே சொன்னேன்.

அவர் அந்தப் பெண்ணைத் தூரத்தில் இருக்கும் தோப்பூர்க் களஞ்சியத்துக்கு மாற்றிக் கடிதம் கொடுத்தார். வேலையை விடு என்று சொல்வதற்கு அது சமம். பாரிசவாதத்தில் படுத்திருக்கும் தாய்க்குச் சோறு ஊட்ட, மத்தியானத்தில் ஸ்கூட்டியில் சல்லிக்கு ஓடிப்போய் வருகிறவர் அவர். தோப்பூரிலிருந்து அது நடக்காத காரியம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

மறுநாள், தாயைப் பார்க்க ஆள் தேடுவதற்காக அவர் லீவு எடுத்தார். அவருடைய கதிரையில் நான் இருந்தேன். நான் குறைத்திருந்த வேகத்தைப் பழையபடி கூட்டினேன். கணினியை நிறுத்தியே வைத்தேன். பத்து மணிக்கு இறங்குதுறையிலிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணை... லொ... எந்த வா...”

அவ்வளவுதான். அவருடைய கணினி நின்றிருக்கவே பேச்சு உடைகிறது; பிழை எங்கே என்று வலையமைப்பை முழுக்கத் துழாவினேன்.

எங்கள் கந்தோருக்கும் இறங்குதுறைக்கும் இடையில் ஒரே ஒரு இணைப்பு. இறங்குதுறையில் புதிதாகப் பூட்டிய கமராக்கள் முதல்நாள் எடுத்த படங்களெல்லாம் பத்து மணிக்கு அதன் வழியாகத்தான் வந்து சேரும். நெரிசல் வந்தால் யாரை முதலில் விடுவது என்று தீர்மானிப்பது, வயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டி. பேச்சைச் சிறு தரவுத் துண்டுகளாக்கித்தான் தொலைபேசி அனுப்பும்; ஒவ்வொரு துண்டிலும் ‘அவசரம்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து முன்னே விடவேண்டும். ஆனால் அந்தச் சீட்டை எவரும் பொய்யாகவும் ஒட்டலாமே என்று, சுவிட்சுகள் வந்த நாளிலேயே நான் ஒரு கட்டளை போட்டு வைத்திருந்தேன்: எவருடைய சீட்டையும் நம்பாதே, அழித்துவிடு. அம்புலன்சையும் கிளினிக் வரிசையில் நிற்க வைத்த மாதிரி. கமராக்கள் வரும்வரை நெரிசல் இருக்கவில்லை, அதனால் என் கெட்டித்தனம் வெளியே தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

தொலைபேசிகளின் சீட்டை மட்டும் நம்பச் சொன்னேன். பேச்சுக்கென்று தனி வரிசை ஒதுக்கி, கமராப் படங்களை மிச்ச இடத்தில் போகவிட்டேன். கொஞ்ச நேர வேலைதான். அடுத்த அழைப்பில் இறங்குதுறைக்காரர் பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் கேட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

முகாமையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடமாற்றத்தை ரத்துச் செய்தார்.

அடுத்த நாள் அந்தப் பெண் வந்ததும் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன்.

“இதை எழுதித் தாங்கோ, அண்ணை.”

“மனேஜர் மாற்றத்தை நிப்பாட்டிப் போட்டார். இனி ஒரு பிரச்சினையும் இல்லை.”

“அது அவர் செய்தது. நீங்கள் என்னைப் பற்றிச் சொன்ன கதை இஞ்சை எல்லாற்றை காதிலையும் கிடக்கு. உங்கடை கையெழுத்தோடை எனக்கு வேணும்.”

எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“திகதி போடேல்லை.”

போட்டேன். பிறகு, நான் நிற்கும்போதே அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டு, இது நான்தான் எழுதியது என்று சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.