சூளைக் கதவை யார் திறந்தது

எனக்குச் சந்தேகப் புத்தி. பால் பாக்கெட் லேசாக நசுங்கியிருந்தாலும் யார் தொட்டது என்று கேட்கிற ஆள். அதனாலோ என்னவோ, வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் இங்கிலாந்துச் சட்டம் படிக்கச் சேர்ந்தபோது, குற்றவியல் பாடம் மட்டும் சர்க்கரையாக இனித்தது. குற்றம் என்றால் பொதுவாக இரண்டு வேண்டும்: கை செய்த காரியம், அதைச் செய்யும்போதே மனதில் இருந்த கெட்ட எண்ணம். ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் பெரும்பாலும் வழக்கு நிற்காது.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை. பிள்ளையார் பொம்மை செய்கிறோம். சூளையைப் பார்த்துக்கொண்டது அக்காவின் வீட்டுக்காரர். பெண்ணாடத்துக்காரர், எங்களோடுதான் இருந்தார். தீயை அணைத்த பிறகு, சூளை தானாக ஆறும்வரை கதவைத் திறக்கக்கூடாது. வெளிக்காற்று பட்டால் உள்ளே இருக்கிற சரக்கு விரிசல் விட்டுவிடும்.

சதுர்த்தி நெருங்கும் நேரத்தில் ஒரு சூளைச் சரக்கு முழுக்க அப்படிப் போயிற்று. காலையில் பட்டறையிலிருந்து திரும்பிய அப்பா கூடத்தில் நின்று கத்தினார்.

"கதவைத் தொறந்திருக்கான். சாவி அவன்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்குது. ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறேன்."

அதுவரை மருமகனை 'அவரு' என்றுதான் சொல்வார். முந்தின நாள் வேலையாட்கள் முன்னாலேயே அவரைக் கண்டபடி திட்டியிருந்தார். அந்தக் கோபத்தில் மாமாதான் செய்திருப்பார் என்று நானும் நினைத்தேன். அக்கா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

"இருங்கப்பா, நான் கேக்கறேன்" என்று மாமா பக்கம் திரும்பினேன். "நேத்து சாயங்காலம் பட்டறைக்குப் போனீங்களா மாமா?"

"போனேன்."

"எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "தொறந்து வுட்ரலாம்னுதான் போனேன். அவ்ளோ ஆத்திரம். வாசல் வரைக்கும் போயிட்டு, வேணாம்னு திரும்பிட்டேன். சாவியக்கூட எடுக்கல."

பொய் சொல்கிறவர் முதல் பாதியைச் சொல்லியிருக்க மாட்டார். என் சந்தேகம் இடம் மாறியது. அப்பாவின் புறங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது. அம்மா கேட்டதற்கு டீ கொட்டிவிட்டது என்றிருந்தார். எங்கள் அப்பா டீயைத் தொடமாட்டார், காபிதான்.

"கை எப்படிப்பா சுட்டுச்சு?"

அப்பா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நெறம் எப்படி வந்திருக்குதுன்னு ஒரு கண்ணு பாத்தேன். லேசாத்தான் தொறந்தேன். அதுக்கெல்லாம் விரியாது."

விரியும் என்று அவருக்கா தெரியாது? தன் பொருளைத் தானே கெடுத்துக்கொண்டது குற்றமில்லை, சரி. அடுத்தவரை ஸ்டேஷனுக்கு இழுக்கப் பார்த்தாரே! இனியாவது இறங்கி வருவார் என்று பார்த்தேன்.

"அவன் நெனச்சான் இல்ல? இன்னிக்கு நெனச்சவன் நாளைக்குச் செய்வான். சாவியக் குடுத்துட்டு வேற வேல பாக்கச் சொல்லு."

"வெறுமனே நெனச்சதுக்குத் தண்டனை கிடையாதுப்பா."

"அது உன் வெள்ளைக்காரன் சட்டம். இது என் வூடு."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமாவிடமிருந்து சாவியை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"இந்த வூட்ல நான் நெனச்சதையெல்லாம் வாய் தொறந்து சொல்லியிருந்தா, என்னை எப்பவோ தொரத்தியிருப்பீங்கப்பா" என்றாள். குரல் உயரவே இல்லை.

அன்றே இருவரும் பெண்ணாடம் பஸ் ஏறினார்கள். சூளையை இப்போது அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார், அவள் அப்படி என்னதான் நினைத்தாள் என்று.