பின்சீட்டின் உயரம்

புல்கான் பக்கத்தில் கொம்போஜாவைத் தெரியாதவர்களுக்கும் அவர் வாயில் வரும் ஒரு வாக்கியம் தெரியும். "இன்னும் ஒருத்தர் உட்காரலாம்." பன்னிரண்டு வருஷம் கூட்டுறவுப் பண்ணையின் லாரியை ஓட்டினார். பண்ணை கலைந்த பிறகு ஒரு ரஷ்ய வேனை வாங்கி, புல்கானுக்கும் தலைநகர் உலான்பாதருக்கும் நடுவே ஆள் ஏற்றினார். பதினொரு பேர் போக வேண்டிய வேனில் பத்தொன்பது பேர் போனார்கள். மடியில், மூட்டையின் மேல், சூடான என்ஜின் மூடியின் மேல்.

யாரும் குறை சொன்னதில்லை. வழியில் கெட்டதைப் பேசக் கூடாது. எப்போது போய்ச் சேருவோம் என்றும் கேட்கக் கூடாது; கேட்டால் சேர்வது தள்ளிப் போகும். அதனால் ஏறியவர்கள் வாயை மூடிக்கொண்டு வந்து, இறங்கும் இடத்தில் காலை உதறிவிட்டுப் போனார்கள். பின்னால் உட்கார்வது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை. அறுபத்து மூன்று வயதுக்குள் அவர் எந்த வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததும் இல்லை.

போன குளிர்காலத்தில் அவர் மனைவி நோர்ஜ்மா ஆட்டுப்பட்டியின் வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். இடுப்பு மூட்டை நகர ஆஸ்பத்திரியில் மாற்றினார்கள். டாக்டர் ஒரே ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே வரக் கூடாது. மாதம் ஒரு முறை வந்து பயிற்சி செய்ய வேண்டும். செய்தால் இலையுதிர் காலத்துக்குள் கோல் இல்லாமல் நடக்கலாம்.

நகரத்தில் இருந்த மகள் உயங்கா இதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்.

"மாசாமாசம் வர முடிஞ்சா அங்கயே இருங்க. ஒரு மாசம் விட்டாலும் ரெண்டு பேரும் இங்க வந்துரணும். மாட்டையும் குதிரையையும் எடுத்துக்க ஆள் பாத்து வெச்சிருக்கேன்."

அவள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சாணம் எரியும் அடுப்பு இல்லாத வீட்டில் டீயே ருசிக்காது என்று நோர்ஜ்மா பிறகு கணவனிடம் மட்டும் சொன்னாள்.

கொம்போஜாவிடம் அப்போது இருந்த சின்னக் கார் தரையை உரசிக்கொண்டு ஓடுகிற ரகம். மே மாதப் பயிற்சிக்கு அதில் போனபோது அவளை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஜூன் மாதம் போன இடத்தில் அதை விற்றுவிட்டு, உயரமான வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று.

பழைய வண்டிகள் விற்கும் சந்தைக்கு மருமகன் தெமுலென் கூட வந்தான். நோர்ஜ்மா வரவில்லை. அவளால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மாடிப்படி இறங்கி ஏற முடியும். அன்றைய முறை ஆஸ்பத்திரிக்கே தீர்ந்துபோயிருந்தது.

இரண்டு வண்டிகள் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் நின்றன. இரண்டும் ஜப்பானிலிருந்து வந்தவை. வெள்ளை வண்டி அகலமானது, மூன்று வரிசை, தோல் சீட். சாம்பல் வண்டி ஒடுக்கமானது, துணி சீட், சீட்டு பலகை மாதிரி விறைப்பு. தெமுலென் போனைப் பார்த்துப் படித்தான்.

"மாமா, வெள்ளையில பின்னாடி தோள் அகலம் பத்து சென்டிமீட்டர் கூட. கால் நீட்ட எட்டு சென்டிமீட்டர் கூட. சாம்பல்ல ரெண்டு பேரும் ஒரு கொழந்தையுந்தான்."

"போன்ல யாரு உக்காந்து பாத்தாங்க?" என்றார் கொம்போஜாவ்.

தோளில் இருந்த சாக்குப் பையைத் திறந்தார். அதிலிருந்து குளிர்காலத்துத் தேலை எடுத்தார். உள்ளே ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த, கணுக்கால் வரை வருகிற அங்கி. பிறகு கம்பளி பூட்ஸ், நரித்தோல் குல்லா. அன்று வெயில் இருபத்தெட்டு டிகிரி. சந்தையில் இருந்தவர்கள் பக்கத்து வரிசைகளிலிருந்தும் வந்து நின்றார்கள்.

வண்டிகளை விற்கும் ஒதொன் என்ற பெண் குடையைத் தாழ்த்திப் பார்த்தாள். "ஐயா, பிப்ரவரிப் புது வருஷத்துக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. இப்பவே கெளம்பிட்டீங்களா?"

"கோடையில வண்டி பாத்து வாங்குறவன் எல்லாம் நவம்பர்லயே நொந்துக்கிறான்," என்றார் அவர். அதில் உண்மை இருந்தது. டிஷர்ட்டில் மூன்று பேர் தாராளமாக உட்கார்ந்து பார்த்து வாங்கிய வண்டியில், தேல் போட்ட இரண்டாவது ஆளுக்கே கதவு சாத்தாமல் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

இடுப்பில் பட்டுக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதலில் சாம்பல் வண்டியின் பின்னால் ஏறினார். குல்லா கூரையில் இடித்தது. தலையைச் சாய்த்தால் கழுத்து வலித்தது. தேலின் மடிப்பு கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

"பிணப்பெட்டி," என்று சொல்ல வாயெடுத்து, நாளைக்குப் பயணம் இருப்பது ஞாபகம் வந்து, "அலமாரி" என்றார்.

வெள்ளை வண்டியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இடம் மிச்சம். குல்லாவுக்கு மேலே நாலு விரல் காலி.

"முழங்காலப் பாரு," என்றார் தெமுலெனிடம்.

தெமுலென் குனிந்து பக்கவாட்டில் பார்த்தான். "இடுப்பும் முழங்காலும் ஒரே மட்டம். முழங்கால் வேணா ஒரு துளி கீழ."

"டாக்டர் சொன்னது அதான்."

"உள்ள ஆள் வெந்துட்டாரான்னு யாராவது பாருங்கப்பா," என்றான் கூட்டத்தில் ஒருவன். கொம்போஜாவின் புருவத்திலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கி வெள்ளை வண்டியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நோர்ஜ்மா நாலு மாடி இறங்கி வர இருபது நிமிஷம் ஆனது. பருத்தியில் தைத்த மெல்லிய கோடைத் தேல் போட்டிருந்தாள். தோல் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். வழி நல்லபடியாக அமைய உயங்கா சக்கரங்களுக்குப் பால் தெளித்தாள். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். மேட்டில் வழிப்போக்கர்கள் வணங்குகிற கற்குவியல் வந்தபோது கொம்போஜாவ் வணக்கமாக மூன்று முறை ஹாரன் அடித்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் கைப்பிடியை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"எப்படி?" என்றார்.

"நல்ல வண்டி."

மேய்ச்சலுக்கான கோடை முகாமில் இறங்கும்போது கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டாள். மூன்று நாள் பால் கறக்கவில்லை. நாலாம் நாள், அடுப்பில் சாணத்தைப் போட்டபடி, "ஜூலைல நான் வரல," என்றாள்.

"ஏன்?"

"குதிர கறக்குற காலம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கறக்கணும். யாரு கறப்பா? நீயா?"

"பக்கத்துல சொய்ஜில் வீட்ல கறப்பாங்க."

"அவன் பொண்டாட்டி கறந்தா குதிர ஓடிரும்."

"வரலைன்னா மாட்டையும் குதிரையையும் எடுக்க ஆள் வந்துருவான். தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள். அடுப்பு மூடியைச் சாத்தினாள்.

அவள் பிடிவாதம் அவருக்குத் தெரியும். ஆனால் சொந்தக் கூடாரத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பிடிவாதம் பிடிக்கிறவள் அல்ல. அவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நடந்தார். டயரைப் பார்த்தார். பாகங்களைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். எந்தப் பாகமும் தப்பாகத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்த இடம் மட்டும்தான் அவர் பார்க்காதது. அதைச் சந்தையிலேயே பார்த்தாயிற்று என்று நினைத்திருந்தார்.

சாயங்காலம் சொய்ஜிலைக் கூப்பிட்டார். இளவயதிலிருந்து ஒன்றாகக் குதிரை மேய்த்தவர்.

"வண்டிய ஓட்டு. சாலை வரைக்கும் போய்ட்டுத் திரும்பு."

"நீ?"

"பின்னாடி."

சொய்ஜில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஏறி ஓட்டு."

"பின்னாடி உக்காந்தா காசு குடுக்கணும். புல்கானுக்கு எவ்வளவு வாங்குற?"

கொம்போஜாவ் சட்டையும் கால்சராயுமாக, நோர்ஜ்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். சீட்டு கீழே போயிற்று. இன்னும் போயிற்று. தோலுக்கு அடியில் பஞ்சு மட்டும்தான் இருந்தது போல. முழங்கால்கள் மார்புக்கு நேரே எழுந்து நின்றன. சொய்ஜில் வண்டியை நகர்த்தினார். மண்பாதையின் ஒவ்வொரு குழியிலும் இடுப்பு இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போய் மடங்கித் திரும்பியது. எதிரே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மேலே ஒரு கைப்பிடி இருந்தது. அதைப் பிடித்தார்.

"கொம்போஜாவ், எப்படி இருக்கு?" என்றார் சொய்ஜில், அவருடைய குரலிலேயே. "இன்னும் ஒருத்தர் உட்காரலாமா?"

கொம்போஜாவ் வழியில் வாய் திறக்கவில்லை. சாலை வரை போய்த் திரும்ப நாற்பது நிமிஷம். இறங்கியபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடையது வெட்டிய இடுப்பு இல்லை. ஆனாலும் உடனே நேராக முடியவில்லை.

கூடாரத்துக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியைத் திறந்து தேலை எடுத்தார். உட்காருகிற இடத்தில் இருமடிப்பாக வருகிற ஆட்டுத்தோலை விரலால் அளந்தார். நாலு விரல். சந்தையில் அவரைத் தூக்கிப் பிடித்தது சீட்டு இல்லை, இந்த நாலு விரல். கூரையில் குல்லாவை இடிக்க வைத்ததும் இதேதான். சாம்பல் வண்டியின் பலகைச் சீட்டை நினைத்துப் பார்த்தார். அது அமுங்கியிருக்காது. சொய்ஜில் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"குளிர்காலத்துக்கு வண்டி வாங்கியிருக்கேன்," என்றார் கொம்போஜாவ். "நடுவுல கோடைன்னு ஒண்ணு இருக்குறத மறந்துட்டேன்."

"அது ரெண்டு மாசந்தான. பொறுத்துக்க."

"அவ பொறுத்துக்கிட்டுதான் வந்தா."

தேலை நாலாக மடித்துப் பின்சீட்டில் வைத்தார். உட்கார்ந்தார். எழுந்து இன்னொரு விதமாக மடித்தார். அங்கியின் கைகளை உள்ளே திணித்தால் முதுகுப் பக்கம் புடைத்தது. கைகளையும் கீழ் விளிம்பையும் பக்கவாட்டில், நடுச்சீட்டின் மேல் விரித்துவிட்டபோதுதான் மட்டமாக நின்றது. சொய்ஜில் குனிந்து முழங்காலைப் பார்த்துச் சொன்னார். "மட்டம்."

நோர்ஜ்மாவைக் கூப்பிட்டார். அவள் கோலை ஊன்றி வந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"உக்காரு."

உட்கார்ந்தாள். இடது காலை நகர்த்திப் பார்த்தாள். பிறகு வலது காலை.

"போன தடவ ஏன் சொல்லல?" என்றார்.

"வழியில சொல்லுவாங்களா?"

"எறங்கி சொல்லிருக்கலாம்."

"அப்ப வண்டி வாங்கி ரெண்டு நாள்தான் ஆயிருந்துச்சு," என்றாள். மூக்கைச் சுளித்தாள். "இது கொழுப்பு வாசனை அடிக்குது. போன வருஷம் ஆடு அறுத்தப்ப போட்டிருந்தியா?"

"வெயில்ல போடுறேன்."

"போட்டாலும் போகாது." இறங்க முயன்றாள். அவர் கை நீட்டினார். அவள் அதைப் பிடிக்காமல் நல்ல காலை முதலில் வைத்து எழுந்தாள். "சொய்ஜில் வீட்ல சொல்லு, கறக்கும்போது பாடணும்னு. இல்லாட்டி குதிர நிக்காது."

ஜூலை இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். புல்கானில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் எதிர் ஜன்னல் ஓரம். கடைசி வரிசை மடக்கி, தோல் மூட்டைகள் போட்டிருந்தது. பாதி வழியில் சாலையோர டீக்கடை முன்னால் ஒரு பெண் பெரிய பையோடு கை காட்டினாள். அவருடைய ரஷ்ய வேன் காலத்திலிருந்து வருகிறவள்.

வண்டி நின்றது. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி உள்ளே பார்த்தாள். நடுச்சீட்டில் தேலின் கைகள் விரிந்து கிடந்தன.

"அண்ணே, இன்னும் ஒருத்தர் உட்காரலாமில்ல?"

நோர்ஜ்மா தேலின் கையை இழுத்துத் தன் பக்கம் சேர்க்கப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் சரிந்தது.

"விடு," என்றார் கொம்போஜாவ் கண்ணாடியைப் பார்த்து. பிறகு அந்தப் பெண்ணிடம், "இடமில்லம்மா. பின்னாடி வெள்ள பஸ் வரும்."

"அங்க துணிதான கெடக்கு?"

"ஆமா."

அவள் இன்னும் ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி நின்றாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் கொம்போஜாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போன பிறகு நோர்ஜ்மா சொன்னாள். "கெழவா, ஆளுக்கு எடம் இல்லன்னு நீ சொல்லி இப்பதான் கேக்குறேன்."

கற்குவியல் வந்தது. மூன்று முறை ஹாரன் அடித்தார்.

உலான்பாதரில் உயங்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, அம்மாவைத் தாங்கிப் பிடிக்கத் தயாராகக் கதவருகே நின்றாள். நோர்ஜ்மா கதவைத் தானே திறந்தாள். காலைக் கீழே வைத்தாள். கோலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். உயங்கா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல இது எதுக்கும்மா?"

"உக்கார."

"குளிர்காலத்துல அப்பா எதப் போட்டுக்குவாரு?"

"இதத்தான்," என்றாள் நோர்ஜ்மா. "அப்ப எனக்கு என்னோட தேல் இருக்குமில்ல."

படிக்கட்டுக்குப் போனார்கள். மாட்டை எடுக்கிற ஆளைப் பற்றி உயங்கா கேட்கவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் நோர்ஜ்மா நின்று மூச்சு வாங்கினாள். கீழே கொம்போஜாவ் தேலை எடுத்து உதறி, வண்டியின் மேல் வெயில் படும்படி விரித்துக்கொண்டிருந்தார்.