அன்றைக்கே வீடு திரும்பிய விரல்

பிள்ளைகளே, என் இடது கை ஆள்காட்டி விரலில் இருக்கிற தழும்பைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையில் அதில் ஒரு மனுஷன் மேல் எனக்கு ஆறாத இளக்காரம் இருக்கிறது. கொஞ்சம் என் மேலேயும்.

தீவில் வேலை பார்த்த காலம். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் கூரைத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தேன். தகர விளிம்பு விரலைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைவிட விரலின் நிறம்தான் பயமுறுத்தியது. சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தார். "விரலுக்கு ரத்தம் கொண்டுபோற ரெண்டு குழாயும் அறுந்திருக்கு. இப்பவே தைக்கலன்னா விரல் செத்துடும்."

கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். நான் முழித்தபடியே படுத்திருந்தேன். அந்த அம்மா மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார். முடிந்ததும் விரல் நுனி மெல்ல மெல்லச் சிவந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார். கையை உயர்த்தி வைக்கணும், கதகதப்பாக வைக்கணும், பக்கத்தில் யாரும் புகைக்கக் கூடாது. குளிரோ புகையோ பட்டால் குழாய் சுருங்கிவிடும். "மணிக்கொரு தடவை நுனியைப் பாருங்க. வெளுத்தா ஓடி வந்துடுங்க."

மறுநாள் காலை சார் வந்தார். ஆபீசில் எனக்கு மேலே இருந்தவர். பல்வலிக்குக்கூட கப்பலேறி மெயின்லேண்ட் போய்விட்டு, வந்து ஒரு மாதம் அந்தப் பல்லைப் பற்றியே பேசுகிற ஆள்.

"என்னய்யா, பெட்டே குடுக்கலையாமே? காலையில போய் சாயங்காலம் வந்தா அது ஆபரேஷனா? சலூனுக்குப் போய் வர்றது!"

"மைக்ரோஸ்கோப் வச்சுத் தச்சாங்க சார்."

"மெயின்லேண்டா இருந்தா பதினஞ்சு நாள் படுக்க வச்சிருப்பான். அது வைத்தியம்."

இந்த அறிவாளியின் கையில் மீன் மார்க்கெட்டிலிருந்து வாங்கின ஐஸ் பை. மீனே கெடாமல் இருக்கிறதே, விரல் கெட்டுவிடுமா என்று யோசனை. "வீக்கம் வத்திடும்" என்று கட்டின் மேலேயே வைத்தார். பிறகு ஒரு சிகரெட்டையும் பற்றவைத்தார்.

டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர், தானே ஐஸ் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், வேண்டாமென்று எப்படிச் சொல்வது? மரியாதையாம். "தேங்க்ஸ் சார்" என்று வேறு சொன்னேன். தூ!

நுனியைப் பார்க்க உங்கள் அம்மா வந்தாள். "ஐயோ, வெளுத்துப் போச்சேங்க!" ஐஸ் பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வீசினாள். "சார், சிகரெட்டை எடுத்துக்கிட்டு நீங்களும் வெளியே போங்க."

"நல்லது செய்ய வந்தா..."

"அந்த நல்லதை மீனுக்குச் செய்யுங்க. இது உசுரோட இருக்கிற விரல்."

கம்பளியில் என் கையைச் சுற்றி, ஆட்டோவில் நெஞ்சோடு உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் ஒரே கேள்வி: "விரல் பெருசா, சார் பெருசா?" ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நுனியில் சிவப்பு திரும்பியிருந்தது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "தப்பிச்சீங்க" என்றார். உங்கள் அம்மா ஐஸ் கதையைச் சொன்னாள். "அவர் வச்சா, நீங்க ஏன் விட்டீங்க?" என்றும் கேட்டார்.

நான் வேலைக்குத் திரும்பின அன்று சார் எல்லோர் முன்னாலும், "என் ஐஸ்தான்யா இவன் விரலைக் காப்பாத்துச்சு" என்றார்.

"இல்ல சார்," என்றேன். "உங்க ஐஸ்தான் அதைக் கொல்லப் பார்த்துச்சு."

விரலுக்காக நான் எடுத்த லீவின் விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் அவர் மேசையில் இரண்டு மாதம் தூங்கியது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.