பிரிக்க விடாத ஒயர்

போன ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓரம் ஒரு கார் எலெக்ட்ரீஷியன் கடையில் நின்றிருந்தேன். டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் லைட். காருக்குள் பெட்ரோல் வாடை. எட்டு மாதமாக இதே கூத்துதான்.

அந்தக் கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேட்டரியைக் கழற்றினார். அதற்குக் கீழே ஓடிய ஒயர்க் கட்டின் கறுப்பு டேப்பை பிளேடால் சர்ரென்று கிழித்தார். அவ்வளவுதான்... ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"யாருங்க இந்த ஒயர வெட்டி, திரும்ப முறுக்கி வுட்டது? மைக் செட் ஆளுங்க வேல மாரி இருக்குது. ஈயம்கூட வெக்கல பாருங்க!"

யார் என்று எனக்குத் தெரியுமே!

இந்த வாரப் பத்தியில் சிரிக்கச் சிரிக்க எழுத வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு யாரையாவது திட்டுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள் — இன்றைக்கு என் முறை.

முதலில் அந்த லைட். டாங்கில் இருக்கும் பெட்ரோல் சும்மா கிடக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது வெளியே போய்க் காற்றைக் கெடுக்காமல் இருக்க ஒரு கரி டப்பாவில் பிடித்துவைக்கிறார்கள். வண்டி ஓடும்போது குட்டி வால்வ் ஒன்று கரண்டில் திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும். வால்வுக்குக் கரண்ட் வரவில்லையா? டப்பா நிறையும், வாடை வரும், லைட் எரியும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது தீர்த்தமலை.

தீர்த்தமலை கள்ளக்குறிச்சியில் ஒரு ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். கல்வராயன் மலைக்காரர். எனக்கும் மலைமேல்தான் வேலை, விவசாய அலுவலகத்தில். தினமும் கச்சிராயபாளையம் தாண்டி வளைந்து வளைந்து ஏற வேண்டும். பெட்ரோல் வாடையோடு ஏறினால் வயிற்றைப் புரட்டும், பயமாகவும் இருக்கும்.

முதல் நாளே ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். வால்வைக் கழற்றி மீட்டர் வைத்தார்.

"வால்வு நல்லாத்தான் இருக்குது மேடம். புதுசு மாத்தினா வேஸ்ட்டு. ஒயர்லதான் எங்கியோ கரண்டு அறுந்து அறுந்து வருது. வண்டி நின்னுக்கினு இருந்தா பன்னெண்டு வோல்ட் காட்டுது, மலை ஏறினா போவுது."

அப்புறம் ஒன்று கேட்டார். "வண்டில யாரனா கை வெச்சாங்களா? ஆரன், லைட்டு, ஸ்பீக்கர்... எதனா மாட்டினீங்களா?"

"என் வண்டியில யாரும் கை வைக்கல" என்றேன். பட்டென்று சொன்னேன்.

பொய்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் என் தம்பி காரை வாங்கிப் போயிருந்தான். இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியலும் ஊர்வலமுமாக இருந்த நேரம். இரண்டு நாள் என் கார் கூரையில் குழாய் ஸ்பீக்கர் கத்திக்கொண்டு போனது. அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், தம்பியும் ஒத்துக்கொண்டான். நான் அரசாங்க ஊழியர். என் வண்டி எந்த ஊர்வலத்தில் போனது என்று ஒர்க் ஷாப்பில் நான்கு பேர் காதில் விழுந்தால்? யார் எந்தப் பக்கம் என்று ஊரே முகத்தைப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மைக் கட்டியது தெரியும். ஒயரை வெட்டியது தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமும் இல்லை.

தீர்த்தமலை இரண்டு நாள் தேடினார். ஃபியூஸ், ரிலே, சாக்கெட் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில், "ஒயர்க் கட்டப் பிரிச்சுப் பாக்கணும் மேடம். ஒரு நாள் குடுங்க" என்றார்.

பிரித்தால் மைக் கட்டியது தெரிந்துவிடுமே! "கம்பெனி ஒயரிங், அதுல கை வைக்கக் கூடாது" என்று தடுத்தேன். என் அதட்டலைக் கேட்டு அவர் நுனி கிளப்பியிருந்த டேப்பை மறுபடி தடவி ஒட்டிவிட்டு எழுந்தார்.

அப்புறம் என்ன? லைட் அணைவதும் மலையேறினால் எரிவதுமாக இருந்தது. நான்காவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வர எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் வந்தது. கஸ்டமர் எல்லோரும் இருக்கும்போது ஓனரிடம் கத்தினேன். "ஒரு ஒயரைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆளை எல்லாம் மலையிலேர்ந்து கூட்டிக்கினு வந்து வெச்சிருக்கீங்க!"

ஆமாம், 'மலையிலேர்ந்து' என்றேன். நான்தான். தினமும் அந்த மலையில் சம்பளம் வாங்குகிறவள்.

தீர்த்தமலை கைதுடைக்கும் துணியை மடித்து என் கார் பானெட் மேல் வைத்தார். அடுத்த வாரம் போனபோது அவர் இல்லை. "நிறுத்திட்டேன் மேடம், உங்களுக்குத் திருப்திதானே?" என்றார் ஓனர். நான் தலையாட்டினேன்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து திரும்பியதும் ஓனரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "வேற ஆள் வந்தாச்சு மேடம். இப்ப சொல்லி இன்னா பிரயோசனம்?" என்றார்.

திங்கட்கிழமை, அலுவலகம் முடிந்ததும் விசாரித்துக்கொண்டு மலைமேலேயே இருக்கும் தீர்த்தமலை வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முறம் நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவரு இல்லிங்களே. கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிட்டாரு. இங்க எந்தக் கடையிலயும் சேத்துக்கல. கஸ்டமர் கம்ப்ளெய்ண்ட் குடுத்த ஆளுன்னு சொல்லிட்டாங்களாம்."

உள்ளே ஆணியில் அவருடைய மீட்டர் தொங்கியது. சிவப்பு, கறுப்பு ஒயர்களை அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"போன் நம்பர் குடுங்கம்மா, நான் பேசணும்."

"எஸ்டேட்ல டவரு கிடைக்காதுங்க. ஞாயித்துக்கிழம கீழ எறங்கி வந்து அவரே பண்ணுவாரு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "உங்க வண்டில கோளாறு ஆப்டுச்சிங்களா? போன் பண்ணும்போதெல்லாம் அதத்தான் பேசுவாரு. எங்க வுட்டேன்னு தெரிலியே, எனுக்கு வேலையே தெரியாதோன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

"ஆப்டுச்சும்மா. ஒயர் ஜாயின்ட்ல லூசு. பேட்டரிக்குக் கீழ."

அந்த அம்மாள் முகத்தில் ஒரு நிம்மதி. "கட்டப் பிரிச்சா தெரிஞ்சிடும்னு அவரு சொன்னாருங்களே! ஏன் பிரிக்காம வுட்டாரு?"

அதைச் சொல்லத்தானே அவ்வளவு தூரம் போனேன்? வாய் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை நானே அவர்கிட்ட பேசறேன்" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். வீட்டில் வாய்கிழியப் பேசுகிறவள், ஆபீசில் அதட்டுகிறவள், வாராவாரம் உங்களுக்கு நியாயம் சொல்கிறவள். வெட்கக்கேடு!

கீழே இறங்கும் வரை லைட் எரியவில்லை. வாடையும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அந்த லைட் எரிந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

தம்பியிடம் சொன்னேன். "போக்கா, ஒரு ஒயருக்கா இவ்ளோ?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் இருக்கப்போகிறேன், போன் வரும் வரை. அன்றைக்கும் என் வாய் அடைத்துக்கொண்டால்? அதனால்தான் இங்கே, ஊரறிய எழுதிவைக்கிறேன்.

தீர்த்தமலை, என் வண்டியில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டீர்கள்... வைத்தார்கள். நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும்.