கப்டன் பென்ஃபோல்டின் அமானிதம்

ஸுஹறாவின் தையல் மெசினுக்கென்று வாங்கும் எண்ணெய் ஒருபோதும் மெசினுக்கு மட்டும் போனதில்லை. மாதத்தின் முதல் வெள்ளி, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும், அவள் கணவர் ஆதம்பாவா தொப்பியைக்கூடக் கழற்றாமல் மெசின் மேசை லாச்சியைத் திறந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போவார். அரை மணித்தியாலத்தில் வெளியே வந்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். அவரும் கேட்டதில்லை, அவளும் தடுத்ததில்லை. எண்ணெய் முடிந்தால் அவளே புதுப் போத்தல் வாங்கி வைப்பாள். முப்பது வருடமாக இதுதான் வழக்கம்.

பின்னறையில், ஒரு தகரப் பெட்டிக்குள் மூன்று பழைய றிவோல்வர்கள் இருந்தன.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எருக்கலம்பிட்டியை விட்டு உடுத்த உடுப்போடு போனவர்கள் அவர்கள். புத்தளத்தில் கொட்டில் போட்டு இருந்த காலத்தில் ஆதம்பாவா பழைய இரும்பு வாங்கி விற்றார். தென்னந்தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்களை உடைத்தபோது அவருடைய சாக்குக்குள் வந்து சேர்ந்தவைதான் மூன்றும். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டாளத்து அதிகாரியின் பெயர் வெட்டியிருந்தது. இரண்டில் எழுத்து தேய்ந்துவிட்டது. மூன்றாவதில் மட்டும் தெளிவாக இருந்தது: கப்டன் ஆர். பென்ஃபோல்ட், 1916.

மற்ற இரும்பெல்லாம் உருக்குவதற்குப் போயின. பெயர் வெட்டிய எதையும் அவர் விற்கவில்லை.

"பேர் போட்ட சாமான் அமானிதம், ஸுஹறா. உரியவன் வந்தா கிடைச்சபடியே ஒப்படைக்கோணும்."

"அந்த வெள்ளைக்காரன் மண்ணாப் போயிருப்பான். கடலுக்குள்ள எறிஞ்சிட்டு வாங்கோ. ஆராவது கண்டா எங்கள உரிச்சுப்போடுவாங்கள்."

"அடுத்தவன்ட சாமான எறிய நான் ஆர்? அவனுக்குப் பேரப்புள்ளையள் இருக்குந்தானே?"

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பெட்டியை அரிசிச் சாக்குக்குள் புதைத்து, சாக்கின் மேல் ஸுஹறாதான் உட்கார்ந்து வந்தாள். சோதனைச் சாவடிக்குச் சாவடி ஆயத்துல் குர்ஸி ஓதி, அவளுடைய நாக்கு வறண்டுபோனது.

போன வருடம், கொழும்பில் வேலை செய்யும் மகள் ஷிஹானா விடுமுறைக்கு வந்தாள். வாப்பாவின் ஆசைக்காக அந்தப் பெயரைப் படம் பிடித்து, உரியவர்கள் இருந்தால் அறியத்தரும்படி பேஸ்புக்கில் போட்டாள். பெயரோடு றிவோல்வரும் முழுசாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. எழுதியவள் கப்டனுடைய பேரனின் மகள். ஆதம்பாவா அந்த இடத்திலேயே சுஜூதில் விழுந்தார். ஸுஹறா வட்டிலப்பம் அவித்தாள்.

பதினோராம் நாள் பொலிஸ் ஜீப் வந்தது.

"நானா, ஆருடைய ஆயுதம் இது?" என்று சார்ஜன் கேட்டார்.

"என்டதில்ல சேர். கப்டன் பென்ஃபோல்டுட."

"அவர் இப்ப எங்க?"

"மௌத்தாப் போயிட்டார்."

"அப்ப செத்த மனுசன வழக்கில இரண்டாம் எதிரியாப் போடுவமா?"

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆதம்பாவாவும் கூடச் சிரித்தார். ஸுஹறா அவருடைய சேட்டுப் பொத்தான் ஒன்று கழன்றிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பூட்டிவிடுவதற்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு கிழமை விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தார். பிறகு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. எழுத்துத் தேய்ந்த இரண்டும் உடைந்த பழைய இரும்பு, சுட முடியாதவை. பென்ஃபோல்டின் றிவோல்வர் மட்டும் சுடக்கூடிய நிலையில் இருந்தது.

சட்டத்தரணி நிறஞ்சலா அறிக்கையை மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"ஏன் அங்கிள் இதுக்கு எண்ணெய் போட்டனீங்கள்? துருப்பிடிக்க விட்டிருந்தா இண்டைக்கு இந்த வழக்கே நிக்காது."

"அமானிதத்தத் துருப்பிடிக்க விடுறதா மகள்?"

நிறஞ்சலா அறிக்கையை எடுத்துக் கோப்புக்குள் வைத்தாள். ஸுஹறா மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். எத்தனை போத்தல் வாங்கிக்கொடுத்திருப்பாள் என்று யோசிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

றிவோல்வரைத் தரும்படி இங்கிலாந்துக்காரி எழுதி அனுப்பிய கடிதத்தையும் நீதவானிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கு முடியும் வரைக்கும் எதையும் விடுவிக்க முடியாது என்றார். குற்றம் உறுதியானால் சான்றுப்பொருளை அழித்துவிடுவார்கள் என்று வெளியே வந்து நிறஞ்சலா விளங்கப்படுத்தினாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆதம்பாவா, "கோட்டில கேட்டு, மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் போட விடுவாங்களா மகள்? உப்புக் காத்தெல்லோ," என்றார்.

"வாங்கோ, வீட்ட போவம்," என்றாள் ஸுஹறா.

இப்போது மூன்று றிவோல்வர்களும் இலக்கம் ஒட்டிய பொலித்தீன் பையில், நீதிமன்றக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஆதம்பாவா மாதக் கடைசி ஞாயிறுகளில் பொலிசில் கையெழுத்து வைக்கிறார். இங்கிலாந்துக்காரி எப்போது கிடைக்கும் என்று கேட்டு எழுதுகிறாள்; ஷிஹானா பொறுக்கச் சொல்லிப் பதில் போடுகிறாள். வழக்கு ஐந்து முறை தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. அடுத்த தவணை மார்ச் மாதத்தில்.